கொட்டாம்பட்டித் தராசு: அம்மா கையில் காசு, பிள்ளை வாயில் சோறு

மதுரையில இருந்து திருச்சி ரோட்டுல போனா, மேலூர் தாண்டி கொட்டாம்பட்டி வரும். நிறைய பேர் பஸ்ஸுல தூங்கிக்கிட்டே கடந்துபோற ஊர். ஆனா குழந்தைகள் ஊட்டச்சத்து வரலாற்றில் இந்த ஊருக்கு ஒரு இடம் இருக்கு. உலக வங்கிக் கடனோட 1980-ல் தமிழ்நாடு அரசு ஆரம்பிச்ச 'தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம்' சோதனை முறையில் முதல்ல நடந்தது இந்தக் கொட்டாம்பட்டி ஒன்றியத்துலதான். அப்புறம்தான் அது ஆறு மாவட்டங்கள்ல 173 ஒன்றியங்களுக்குப் பரவியது.

இதை இப்போ ஏன் பேசணும்? கிராமத்து ஏழைப் பெண்களுக்கான திட்டம்னாலே நமக்கு ஞாபகம் வர்றது மகளிர் குழு, நூறு நாள் வேலை, மாசம் ஆயிரம் ரூபாய். அம்மா கைக்குக் காசு போனா பிள்ளை வாய்க்குச் சோறு போயிடும்னு ஒரு நம்பிக்கை இருக்கு. பெரும்பாலும் சரியான நம்பிக்கைதான். ஆனா ஆறு மாசத்துல இருந்து ரெண்டு வயசு வரைக்கும் உள்ள குழந்தை விஷயத்துல மட்டும் அது அவ்வளவு சுலபமா நடக்கிறதில்லை.

காரணம் அந்த வயசோட இயல்பு. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் போதும். அதுக்கப்புறம் போதாது. அந்தக் குழந்தையோட வயிறு சின்னது. பெரியவங்க மாதிரி ரெண்டு வேளை நிறைய சாப்பிட்டு நாளை ஓட்ட முடியாது. கொஞ்சம் கொஞ்சமா, நாலஞ்சு தடவை, மசிச்சு, பக்கத்துல உட்கார்ந்து ஊட்டணும். அதாவது அரிசி பருப்பு மட்டும் இருந்தா பத்தாது, ஊட்ட ஒரு ஆளும் நேரமும் வேணும். நடவுக்கோ களையெடுப்புக்கோ தூக்குவாளியோட காலையில கிளம்புற அம்மாகிட்ட இல்லாதது அந்த நேரம்தான். குழந்தை அப்பத்தாகிட்ட இருக்கும். அப்பத்தாவுக்கும் உடம்புக்கு முடியாது. கஞ்சித் தண்ணியும் ரெண்டு பிஸ்கட்டுமா பொழுது போயிடும்.

1970-களின் தொடக்கத்துல தமிழ்நாட்டு ஊட்டச்சத்து நிலையைப் பத்தி ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அப்பவே பல உணவுத் திட்டங்கள் இருந்தன. காமராஜர் காலத்துல, 1956-ல் விரிவான பள்ளி மதிய உணவு உட்பட. ஆனா மூணு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைங்களுக்கு அவை சரியாப் போய்ச் சேரலைனு ஆய்வு காட்டியது. பள்ளிக்கூடத்துக்கு நடந்து வர்ற பிள்ளைக்குச் சோறு போடலாம். இடுப்புல இருக்கிற பிள்ளைக்கு எப்படிப் போடுறது?

கொட்டாம்பட்டியில செஞ்சு பார்த்தது இதுக்கான பதில்தான். கிராமத்துலயே இருக்கிற ஒரு பெண்ணை ஊட்டச்சத்துப் பணியாளரா எடுத்தாங்க. ஏழைக் குடும்பமா இருந்தும் தன் பிள்ளைகளை நல்லா வளர்த்த பெண்ணா இருந்தா இன்னும் நல்லது. 'அவளால முடிஞ்சது நம்மாலயும் முடியும்'னு மத்த அம்மாக்கள் நினைக்கணும், அதுதான் யோசனை. இந்தப் பணியாளர் ஆறு மாசத்துல இருந்து மூணு வயசு வரைக்கும் உள்ள குழந்தைகளை மாசாமாசம் எடை போட்டு, அட்டையில ஒரு கோடு வரைவாங்க. கோடு மேல ஏறினா சரி. படுத்துட்டா, அந்தக் குழந்தைக்கு மட்டும் 90 நாள் கூடுதல் உணவு. எடை தேறினதும் நிறுத்திடுவாங்க. எல்லாருக்கும் எப்பவும் சோறு போடுற திட்டம் இல்ல இது. நான் தினமும் ஆபீஸ்ல டேஷ்போர்டு பார்க்கிறவன், எனக்கு இதுல பிடிச்சது ஒண்ணுதான்: இங்க சராசரி எண்ணே கிடையாது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனிக் கோடு, அதை அந்த அம்மாவே கையில வெச்சுப் பார்க்கலாம்.

பல ஊர்கள்ல பெண்கள் குழுவாச் சேர்ந்து அந்தச் சத்துணவு உருண்டையைத் தயாரிச்சாங்க. பெண்ணுக்கு வேலையும் பிள்ளைக்கு உணவும் ஒரே இடத்துல சேர்ந்த ஆரம்பகால முயற்சிகள்ல இது ஒண்ணு. விளைவு? மிகக் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு மூணுல ஒரு பங்குல இருந்து பாதி வரைக்கும் குறைஞ்சது. ஆனா நடுத்தர அளவு குறைபாடு அந்த அளவு குறையலை. 1990-ல் வந்த ரெண்டாம் கட்டத்துலயும் இதே கதைதான். சாகக் கிடந்த பிள்ளையைக் காப்பாத்த முடிஞ்சது, மெலிஞ்ச பிள்ளையைத் தேத்துறதுதான் கஷ்டமா இருந்தது.

இதுக்கு நடுவுல, 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். திருச்சி பக்கம் பாப்பாக்குறிச்சியில தொடக்கம். ஆதரவற்ற பெண்களுக்கும் கணவனை இழந்தவங்களுக்கும் அமைப்பாளர், சமையலர், ஆயா வேலைகள் கிடைச்சது. வீட்டுல ஒரு வேளைச் செலவு மிச்சம். ஆனா கவனிங்க, அந்தத் திட்டமும் ரெண்டு வயசுலதான் ஆரம்பிக்குது.

அடுத்தது மகளிர் குழுக்கள் காலம். 1990-ல் மதுரை வட்டாரத்துல களஞ்சியம் குழுக்கள் தொடங்கின. பில்லுச்சேரி சின்னப்பிள்ளை அம்மாவைத் தெரிஞ்சிருக்கும். வயல் கூலியா இருந்து களஞ்சியத் தலைவியா வளர்ந்தவங்க. 2001-ல் டெல்லியில விருது கொடுத்தப்போ பிரதமர் வாஜ்பாயி அவங்க காலைத் தொட்டு வணங்கினார். குழுக் கடன் கந்துவட்டிக்காரன் பிடியைத் தளர்த்துச்சு. வேலை இல்லாத மாசத்துல அரிசியைக் குறைக்காம சமாளிக்க முடிஞ்சது. பிள்ளைக்குக் காய்ச்சல்னா ஆஸ்பத்திரிக்குப் போக நாலு காசு கையில இருந்தது. இதெல்லாம் ஊட்டச்சத்துதான். ஆனா கடனை அடைக்க உழைக்கணும். அந்த உழைப்பும் அம்மாவோட நேரத்துல இருந்துதான் போகுது.

நூறு நாள் வேலை மதுரை மாவட்டத்துக்கு 2008-ல் வந்தது. தமிழ்நாட்டுல இதுல வேலை பார்த்தவங்கள்ல 100-க்கு 80 பேருக்கு மேல பெண்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. அந்தச் சட்டத்தோட அட்டவணையில ஒரு வரி இருந்தது: ஆறு வயசுக்குக் கீழ அஞ்சு குழந்தைங்க வேலை இடத்துக்கு வந்தா, ஒரு பெண்ணைக் குழந்தைகளைப் பார்த்துக்க நியமிக்கணும், அவங்களுக்கும் கூலி உண்டு. திட்டம் எழுதினவங்களுக்குப் பிரச்சினை தெரிஞ்சிருக்கு. ஆனா கண்மாய்க் கரை மரத்துல சேலைத் தொட்டில் கட்டிப் போட்டிருந்தா அதுக்குப் பேர் குழந்தைகள் காப்பகம் இல்லையே.

2022 செப்டம்பர் 15-ல் காலை உணவுத் திட்டம் தொடங்கினது நம்ம மதுரை சிம்மக்கல் ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில. கிராமங்கள்ல மகளிர் குழுப் பெண்களே சமைக்கிறாங்க. நல்ல ஏற்பாடு. அதே தேதியில அடுத்த வருஷம் மகளிர் உரிமைத் தொகை, மாசம் 1,000 ரூபாய். அந்த வருஷத்து நூறு நாள் வேலைக் கூலி 294 ரூபாய். அப்போ 1,000 ரூபாய்ங்கறது மூணு நாள் கூலிக்குக் கொஞ்சம் மேல. முட்டை வாங்கலாம், பருப்பு வாங்கலாம். மாசத்துல மூணு நாள் வேலைக்குப் போகாம பிள்ளையோட இருக்கலாம்.

அந்த நேரத்துக்குன்னே காசு கொடுக்கிற திட்டமும் நம்மகிட்ட இருக்கு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி. பேறுகாலத்துல இழக்கிற கூலியை ஈடுகட்டவும் சத்தான உணவுக்கும்தான் அது. 2006-ல் 6,000 ரூபாய், 2011-ல் 12,000, 2018-ல் இருந்து ஊட்டச்சத்துப் பெட்டகத்தோட சேர்த்து 18,000. ஆறு மாசத்துக்கு வகுத்துப் பாருங்க: நாளைக்கு 100 ரூபாய். ஐ.டி. கம்பெனியில என் பக்கத்து சீட்டுப் பெண்ணுக்குச் சம்பளத்தோட 26 வாரம் லீவு. தமிழ்நாடு அரசுப் பெண் ஊழியருக்கு 2021-ல் இருந்து 12 மாசம். களையெடுக்கிற பெண்ணுக்கு நாளைக்கு 100 ரூபாய். குழந்தை மூணு பேருக்கும் ஒரே மாதிரிதான் வளருது.

இப்போ எங்க நிக்கிறோம்? 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி, தமிழ்நாட்டுல அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைகள்ல 25 சதவீதம் பேர் வயசுக்கேத்த உயரம் இல்லாதவங்க. இந்திய அளவுல இது 35.5. நாம தேவலாம். ஆனா குழந்தைகள் ரத்தசோகை அதுக்கு முந்தைய கணக்கெடுப்புல 50.7 சதவீதமா இருந்தது, 57.4 ஆ ஏறியிருக்கு. இத்தனை திட்டங்கள் இருக்கிற மாநிலத்துல.

அங்கன்வாடியில சத்துமாவு கொடுக்கிறாங்க, எடையும் போடுறாங்க. கொட்டாம்பட்டியோட பாதி நம்மகிட்ட இன்னும் இருக்கு. விட்டுப்போனது, அம்மா வேலையில இருக்கிற நேரத்துல அந்த மாவைக் கிண்டி ஊட்டுற ஆள். மெக்சிகோவுல 1997-ல் தொடங்கின பிரோகிரேசா திட்டத்துல அம்மாவுக்குப் பணம் கொடுத்தப்போ, ரெண்டு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்குத் தனியா சத்துக் கூழும், கிளினிக்குக்கு வந்து எடை பார்க்கணும்னு நிபந்தனையும் வெச்சாங்க. பணம் மட்டும் போதும்னு அவங்க நினைக்கலை.

ரெண்டு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்களையும் சேர்த்துக்கிற, வேலை நேரம் முழுக்கத் திறந்திருக்கிற பால்வாடி ஊருக்கு ஒண்ணு வேணும். அதைப் பார்த்துக்கிற பெண்ணுக்கு முழுச் சம்பளம் வேணும். அடுத்த தடவை கிராமசபையில பெண்களுக்கான திட்டம் எதையாவது பேசினா, எழுந்து இதைக் கேளுங்க: வேலை நாள்ல காலை பதினோரு மணிக்கு ஒன்றரை வயசுப் பிள்ளை யார்கிட்ட இருக்கு, என்ன சாப்பிடுது?

உங்க ஊர்ல 1980-கள்ல தராசு தூக்கின அக்கா யாராவது இருந்தா எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.