கொடுக்கத்தக்க நாடு: புறநானூறு 122 குறித்து ஒரு மறுவாசிப்பு

நாட்டைத் தாயாகக் காணும் வழக்கம் தமிழில் சங்க காலந்தொட்டு அறுபடாமல் வருகிறது என்று ஒரு சாரார் எழுதி வருகின்றனர். 1882இல் வெளியான ‘ஆனந்தமடம்’ நாவல் வழியே வங்கத்திலிருந்து வந்து சேர்ந்தது அது என்பது மறுசாரார் கட்சி. தொன்மையைப் பற்றித்தான் இவர்களுக்குள் வழக்கு. நாட்டுக்கு உறவுப்பெயர் சூட்டுவது பற்றின் வெளிப்பாடு என்பதில் இருவருக்கும் ஐயமில்லை. எனக்கு அங்கேதான் ஐயம். நிலத்தைப் பிறருக்குக் கொடுக்கலாமா, பங்கு போடலாமா என்ற கேள்விக்குச் சொல்லப்பட்ட விடைகளாகவே இந்தப் பெயர்களைப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்கான சான்று இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே, தியாகதுருகத்துக்கு வடகிழக்கே பெண்ணையாற்றங்கரையில் இருக்கும் திருக்கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரியைக் கபிலர் பாடிய புறநானூற்று 122ஆம் பாட்டில் கிடைக்கிறது.

பாடாண் திணை, இயன்மொழித் துறை. காரியின் கொடைச் சிறப்பைச் சொல்லி அவன் மனைவியின் கற்பில் முடியும் புகழ்ப்பாட்டு என்றே இதைப் பொதுவாகப் படிக்கின்றனர். அந்தப் படிப்பில் கடைசி அடிகள் ஓர் அலங்காரமாகச் சுருங்கிவிடுகின்றன. பாட்டின் கட்டமைப்பு அதற்கு இடம் தரவில்லை. கபிலர் முதலில் நாட்டை எடுக்கிறார்: கடல் அதைக் கொள்ளாது, பகைவர் அதன்மேல் எழமாட்டார்கள். அப்படிப்பட்ட பாதுகாப்பான நாடு யாருடையது? தீ வளர்க்கும் அந்தணருடையது. மூவேந்தருள் ஒருவர் துணை வேண்டி அனுப்பும் பொருள் யாருடையது? குடியை வாழ்த்தி வரும் இரவலருடையது. ஊர்க் கணக்கர் அடங்கலில் பதிவதுபோல ஒவ்வொன்றுக்கும் உரியவர் பெயரை எழுதிக்கொண்டே வந்து, காரியின் பெயருக்கு நேரே எழுத என்ன மிஞ்சுகிறது என்று பார்க்கிறார். அருந்ததி போன்ற கற்புடைய மனைவியின் தோள் மட்டும் மிஞ்சுகிறது. அது ஒன்றை வைத்துக்கொண்டு நீ பெருமிதம் கொள்கிறாய் என்று முடிக்கிறார்.

கணக்கின் இந்த இரு பக்கங்களையும் கவனிக்க வேண்டும். நாடு ஒரு பக்கம், பெண் மறுபக்கம். நாடு கொடுக்கத்தக்கது, கொடுத்தும் ஆயிற்று. பெண் கொடுக்கத்தகாதவள். நாடே ஒரு பெண் என்ற உணர்வு கபிலருக்கோ அவையோருக்கோ இருந்திருந்தால் இந்தப் பாட்டு நடந்திருக்காது. நாட்டைத் தானம் செய்ததற்காகப் புகழும் அதே மூச்சில் மனைவியைத் தானம் செய்யாததற்காகவும் புகழ முடிகிறது என்றால், இரண்டும் அவர்கள் மனத்தில் வெவ்வேறு வகைப் பொருள்கள்.

ஒரே பாட்டை நம்பி இவ்வளவு சொல்லலாமா என்று கேட்கலாம். நியாயமான தயக்கம். ஆனால் கபிலர் பாரியைப் பாடும் 110ஆம் பாட்டிலும் பறம்பின் முந்நூறு ஊர்களும் ஏற்கெனவே பரிசிலர் கைக்குப் போய்விட்டன. 112இல் பாரி மகளிரின் கையறுநிலை இன்னும் தெளிவானது. அந்த நிலவில் தந்தையும் இருந்தார், குன்றும் எங்களுடையதாக இருந்தது. இந்த நிலவில் இரண்டும் இல்லை என்பது அதன் சாரம். தாய்நாட்டை இழந்த துயர் என்று பாடநூல்கள் தலைப்பிடக்கூடிய இந்தப் பாட்டில் தாய் எங்குமே இல்லை. குன்றோடு சேர்ந்து போனவர் தந்தை.

எதிர்த்தரப்பின் வலுவான சான்று குறள் 1039. உரியவன் போய்ப் பார்க்காவிட்டால் நிலம் மனைவியைப்போல் ஊடிவிடும் என்கிறது அது. அடுத்த குறளில் நிலம் ஒரு நல்லாளாக நின்று சோம்பேறிகளைப் பார்த்துச் சிரிக்கிறது. இங்கே நிலம் பெண்தான், மறுக்கவில்லை. ஆனால் தாயல்ல, மனைவி. அதுவும் நாடு அல்ல, ஒருவன் உழும் கழனி. ‘நாடு’ என்றே தலைப்பிட்ட 74ஆம் அதிகாரத்தின் பத்துக் குறள்களிலும் விளைச்சலும் தக்காரும் அரணும் வருகின்றன, தாய் வரவில்லை. 738ஆம் குறள் நாட்டுக்கு ‘அணி’ ஐந்து சொல்வதைக் காட்டி, அணி பூணுவதால் நாடு பெண் என்பாரும் உண்டு. பணிவும் இன்சொல்லும் ஒருவனுக்கு அணி என்கிறது 95. அவனும் பெண்ணோ?

அரசர் பெண் கேட்க, அவள் வீட்டார் மறுக்கும் மகட்பாற்காஞ்சிப் பாடல்களில் பெண்ணும் ஊரும் ஒன்றாகிவிடுகின்றனரே என்பது மற்றொரு தடை. ஒன்றாகவில்லை. பெண்ணைத் தர மறுப்பதால் ஊர் அழியப்போகிறது என்பதே அங்கே கவலை. காரியின் கணக்கு அங்கேயும் செல்லுபடியாகிறது: ஊர் போனாலும் போகட்டும், பெண் தரப்படமாட்டாள்.

அப்படியானால் நாடு எப்போது பெண்ணின் பக்கத்துக்கு நகர்ந்தது? கொடுக்கவும் பிரிக்கவும் கூடாததாக அதை ஆக்க வேண்டிய தேவை வந்தபோது என்பேன். 1905இல் வைஸ்ராய் கர்சன் வங்கத்தைப் பிரித்தார். அவனீந்திரநாத் தாகூர் பாரத மாதாவை வரைந்ததும் அதே ஆண்டில்தான். கோட்டை கைமாறுவது அதற்கு முந்தைய உலகில் அன்றாடச் செய்தி. தியாகதுருகத்து மலைக்கோட்டையையே 1760இல் பிரெஞ்சுக்காரர் ஓர் உடன்படிக்கை எழுதி ஹைதர் அலிக்குக் கொடுத்தனர். மறு ஆண்டே அது ஆங்கிலேயரிடம் போயிற்று. 1790இல் திப்பு அதைப் பிடிக்க முயன்று முடியாமல் திரும்பினார். எழுதிக் கொடுக்கத் தடையில்லாத பொருளாகவே நிலம் அங்கே புழங்கியது. அப்படி எழுதிக் கொடுக்கக் கூடாது என்று சொல்ல வந்த தலைமுறைக்கு, ‘கொடுக்கத்தகாதது’ என்பதற்கு வழிவழியாக வந்த ஒரே உருவம் பெண். அரசன் இல்லாத இடத்தில் மக்கள் கூட்டமாக அவளுக்குக் கணவராக முடியாது, ஆகவே பிள்ளைகளானார்கள். 1891இல் வந்த ‘மனோன்மணீயம்’ வாழ்த்து இந்த நகர்வின் நடுவழியில் நிற்கிறது. அதில் பூமி பெண், மொழியும் பெண், திராவிட நாடோ அந்தப் பூமிப்பெண்ணின் நெற்றித் திலகம் மட்டும்.

பாரதி தாய்நாடு என்றும் தந்தையர் நாடு என்றும் இரண்டையும் எழுதினார். பின்னதை ஐரோப்பிய வழக்கின் எதிரொலி என்று ஒதுக்கிவிடுவது எளிது. ‘தந்தையர்’ என்ற பன்மை அதை அனுமதிக்கவில்லை. அது முன்னோர் வழிச் சொத்து. சொத்து என்றால் பங்கு உண்டு. ஜெர்மானியர் தந்தைநாடு என்றுதானே சொல்கிறார்கள், அதைப் பங்கு போடவா சொல்கிறார்கள் என்ற கேள்விக்கு இங்கே நின்று விடை சொல்ல வேண்டியதில்லை. ரஷ்யர் 1941இல் தாய்நாடு அழைப்பதாகச் சுவரொட்டி ஒட்டி, அதே போருக்குத் தந்தைநாட்டுப் போர் என்று பெயரிட்டதை மட்டும் நினைவூட்டிவிட்டு நகர்கிறேன்.

தந்தையர் நிலம் பங்குக்குரியது என்பதைக் கல்வராயன் மலை காட்டுகிறது. தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றித் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுப்பில், இம்மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் பிறப்புக் கதை இருக்கிறது. காஞ்சியிலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என்று ஆளுக்கொரு மலையாகப் பிரிந்து போகிறார்கள். கல்வராயனிலோ 1976இல் ஒழிக்கப்படும்வரை ஜாகிர்கள் மூன்று: சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன். மூன்றும் ஆண்பெயர்கள். அடிவாரத்தில் பட்டா எடுத்துப் பார்த்தாலும் ‘இன்னார் மகன் இன்னார்’ என்றுதான் இருக்கும், பெண்ணானால் பெரும்பாலும் ‘மனைவி’. 1989இல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் மகளுக்கும் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு தந்தது. ஆனால் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2(2) பிரிவு, மத்திய அரசு தனியே அறிவித்தாலன்றி, பட்டியல் பழங்குடியினருக்கு அது பொருந்தாது என்கிறது. நீதிமன்றங்கள் இதை வேறு விதமாகவும் அணுகியிருக்கின்றன. எனினும் சட்டத்தின் வாசகப்படி மலைமேல் வாழும் மலையாளிப் பெண், தாய்நாட்டின் மகளாக இருந்தும், தந்தையர் நிலத்தின் பங்குக் கணக்கில் வருவதில்லை.