பின்னால் அமர்பவரின் கால்

1885-இல் ஜெர்மனியில் டெய்ம்லரும் மேபாக்கும் மரச்சட்டத்தில் எஞ்சினைப் பொருத்தி ஓட்டிய மோட்டார் சைக்கிளில் ஒருவருக்கே இடம். பின்னால் அமர்பவர் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டவர். 1920-களில் இங்கிலாந்து இளைஞர்கள் சாமான் வைக்கும் காரியரின் மீது மெத்தை ஒன்றைக் கட்டித் தோழியரை ஏற்றிச் சென்றனர். அக்காரியருக்கு 'பிளாப்பர் பிராக்கெட்' என்று கேலிப் பெயர். பிளாப்பர் என்றால் அக்காலத்துப் புதுமைப் பெண்!

இவ்விளையாட்டை 1930-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சாலைப் போக்குவரத்துச் சட்டம் ஒழுங்குபடுத்தியது. பின்னால் ஒருவர்தான் அமரலாம். உறுதியாகப் பிணைத்த இருக்கை வேண்டும். இருபுறமும் கால் போட்டே அமர வேண்டும் என்றது. நம் நாட்டின் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் முதல் இரண்டையும் சொல்கிறது, மூன்றாவதைச் சொல்லவில்லை. சேலை கட்டிய பெண்கள் ஒருபக்கமாக அமரும் நாட்டில் அதைச் சொல்லியும் பயனிராது. ஆனால் அப்படி அமரும்போது இரு கால்களும் இடப்புறமே தொங்குகின்றன. பக்கத்திலேயே ஆரக்கால்கள் சுழல்கின்றன. முந்தானை சிக்கினால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. 1989-ஆம் ஆண்டு விதிகளில் 123-ஆவது விதி, பின்னிருக்கை உள்ள வண்டிக்குக் கைப்பிடி, கால்தாங்கி, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு ஆகிய மூன்றையும் கட்டாயமாக்கியது. கடைகளில் 'லேடீஸ் புட்ரெஸ்ட்' என்று கேட்டு வாங்கும் அகலமான மிதிபலகை, ஒருபக்கமாக அமர்பவரின் இரு பாதங்களுக்கும் இடம் தருகிறது.

இதை நாமே பூட்டலாமே என்று சில மாணவர்கள் கேட்பதுண்டு. பூட்டலாம், ஆனால் திருப்புத்திறனை மறக்கக் கூடாது. அமர்ந்திருக்கும்போது பலகையின் மேல் கால்களின் எடை மட்டுமே விழும். ஏறும்போதோ பலர் முழு உடலையும் அதன்மேல் ஊன்றுகிறார்கள். 60 கிலோ உடல் என்றால் ஏறத்தாழ 600 நியூட்டன். சட்டத்திலிருந்து 15 செ.மீ. தள்ளி மிதித்தால் திருப்புத்திறன் 90 நியூட்டன் மீட்டர். மேலும் கீழுமாக உள்ள இரு போல்ட்டுகளுக்கு இடையே 6 செ.மீ. இருந்தால் மேல் போல்ட்டை 1,500 நியூட்டன் இழுக்கும். இடைவெளி 3 செ.மீ. ஆனால் 3,000 நியூட்டன். உடல் எடையைப் போல் ஐந்து மடங்கு! கையில் கிடைத்த மெல்லிய போல்ட்டு இங்கே உதவாது. எஞ்சினின் அதிர்வு நட்டைத் தளர்த்தும். ஆகையால் ஸ்பிரிங் வாஷர் அவசியம்.

எங்கே பூட்டுவது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. பழைய வண்டிகளின் பின்சக்கரம் சட்டத்தோடு இறுகப் பிணைந்திருந்தது. எங்கு பூட்டினாலும் ஒன்றுதான். 1949-இல் வந்த ராயல் என்பீல்டு புல்லட்டில் பின்சக்கரம் மேலும் கீழும் அசையும் கையில் அமைந்தது. (1955 முதல் சென்னையில் பூட்டப்பட்டது இவ்வண்டியே.) இத்தகைய வண்டியில் இருக்கை ஸ்பிரிங்குக்கு மேலே, அசையும் கையோ சக்கரத்தோடு துள்ளுவது. கால்தாங்கியைக் கையில் பூட்டினால் ஒவ்வொரு பள்ளமும் நேராக முழங்காலுக்குப் போய்ச் சேரும். சட்டத்தில் பூட்டுவதே நல்லது. பூட்டிய பிறகு இருவரை அமரச் செய்து வண்டியை அழுத்திப் பாருங்கள்: பலகை சக்கரத்தையோ செயினையோ தொடக் கூடாது. சில நாள் ஓட்டியபின் ஸ்பானரை எடுத்து மறுபடியும் ஒருமுறை முடுக்குங்கள்.