கையெழுத்துப் போட்டவர் ஒப்புக்கொண்டவரா?

எங்கள் பகுதியில் சனிக்கிழமை மாலை நடக்கும் படிப்பு வட்டத்தில் பூனா ஒப்பந்தம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் தங்கை ஒருத்தி தன் ஆங்கிலக் குறிப்பில் ஒரு சொல்லுக்குக் கீழே கோடு போட்டுக் கொண்டுவந்திருந்தாள். ‘அம்பேத்கர் கன்சீடட்’ என்று இருந்தது. “அக்கா, இதுக்கு அம்பேத்கர் தோத்துட்டார்னு அர்த்தமா, விட்டுக்குடுத்துட்டார்னு அர்த்தமா, இல்ல காந்தி சொன்னது சரின்னு ஒத்துக்கிட்டார்னு அர்த்தமா? அகராதியில மூணும் போட்டிருக்கு” என்றாள். அன்று என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

‘கன்சீட்’ என்ற வினைச்சொல் லத்தீனிலிருந்து வந்தது. அதன் வேருக்கு விலகிப் போ, இடம் கொடு என்று பொருள். பிரான்சில் உறவினர் இருக்கும் வீடுகள் நம் ஊரில் நிறைய உண்டு; கேட்டுப் பாருங்கள். அங்கே சாலைச் சந்திப்புகளில் ‘வழிவிடு’ என்று வைத்திருக்கும் பலகையில் இன்றும் இதே வேரிலிருந்து வந்த ‘செதே’ என்ற சொல்தான் இருக்கிறது. ‘வழிவிடு’ என்பது நம் தாத்தா பாட்டிகளுக்கு அன்றாடம் விழுந்த கட்டளை. பொதுத் தெருவிலும் பொதுக் கிணற்றிலும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்று சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. அது 1924-ஆம் ஆண்டு. தெருவில் நடக்க ஒரு தீர்மானம்!

ஆக, சொல்லின் அடியில் இருப்பது ஒதுங்கி நிற்பது. அதன் மேல் இரண்டு பொருள்கள் வளர்ந்தன. ஒன்று, கேட்டதைக் கொடுப்பது. இன்னொன்று, எதிராளி சொன்னது உண்மை என்றோ அவரே வென்றார் என்றோ வாயால் சொல்வது. அமெரிக்கத் தேர்தல்களில் பிரபலமானது இந்த இரண்டாவது பொருள். 1896-இல் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் தோற்றதும் வென்ற மெக்கின்லிக்கு வாழ்த்துத் தந்தி அனுப்பினார். தோற்றவர் அதை வெளிப்படையாகச் சொல்லும் வழக்கம் அங்கிருந்து தொடங்கியதாகச் சொல்வார்கள்.

அந்த வழக்கத்துக்குள் நின்றுகொண்டே அந்தச் சொல்லை மறுத்தவர் ஒரு கறுப்பினப் பெண். 2018-இல் ஜார்ஜியா மாநில ஆளுநர் தேர்தலில் ஸ்டேசி ஏப்ரம்ஸ் போட்டியிட்டார். அவரை எதிர்த்து நின்ற பிரையன் கெம்ப்தான் அந்த மாநிலத்தில் தேர்தல் நிர்வாகத்துக்கும் பொறுப்பான செயலாளர். ஆட்டக்காரரே நடுவர். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்காளர் பதிவுகள் நிலுவையில் கிடந்தன, அவற்றில் பெரும்பாலானவை கறுப்பின மக்களுடையவை. முடிவு வந்தபின் நவம்பர் 16 அன்று ஏப்ரம்ஸ் பேசினார். கெம்ப்தான் ஆளுநர் என்று சான்றளிக்கப்படுவார், அது எனக்குத் தெரியும், ஆனால் இது கன்சீட் செய்யும் உரை அல்ல, ஏனென்றால் அந்தச் சொல்லுக்கு ‘நடந்தது சரி’ என்று ஏற்பதாகப் பொருள் என்றார். 2020-இல் டிரம்ப் தோல்வியை ஏற்க மறுத்ததோடு இதைச் சேர்த்துக் குழப்ப வேண்டாம். அவர் முடிவையே மறுத்தார். ஏப்ரம்ஸ் அந்த உரையில் முடிவைச் சொல்லிவிட்டு, அதற்கு நியாயம் என்ற முத்திரை குத்தத்தான் மறுத்தார்.

இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு 1932-க்குப் போவோம்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மெக்டொனால்டு அறிவித்த வகுப்புவாரித் தீர்ப்பில் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மாகாண சட்டமன்றங்களில் 71 தனி இடங்கள் தரப்பட்டன. அந்த இடங்களுக்கு நம் மக்கள் மட்டுமே வாக்களிப்பார்கள். கூடவே பொதுத் தொகுதியிலும் அவர்களுக்கு ஒரு வாக்கு உண்டு. அந்த இரண்டாவது வாக்குதான் முக்கியம். அதுவும் இருந்தால் பொதுத் தொகுதியில் நிற்கும் சாதி இந்துவும் சேரிக்கு வந்து வாக்குக் கேட்டாக வேண்டும்.

செப்டம்பர் 20-இல் எரவாடா சிறையில் காந்தி சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கினார். தீர்ப்பை மாற்ற வேண்டுமானால் சம்பந்தப்பட்ட சமூகங்களே ஒத்துக்கொள்ள வேண்டும் என்று பிரிட்டிஷ் அரசு சொல்லிவிட்டது. அதனால் மொத்தப் பாரமும் ஒரே மனிதரின் பேனா முனைக்கு வந்து சேர்ந்தது. காந்தி செத்துப்போனால் நாட்டின் ஒவ்வொரு கிராமத்திலும் ஊருக்கு வெளியே குடிசையில் இருக்கும் மக்களுக்கு என்ன நடக்கும்? அம்பேத்கர் யோசித்துப் பார்க்காமல் இருந்திருப்பாரா?

செப்டம்பர் 24-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. தனித் தொகுதி போனது, இரண்டாவது வாக்கும் போனது. இடங்கள் 148 ஆயின, சென்னை மாகாணத்துக்கு மட்டும் 30. முதல் சுற்றில் நம் மக்கள் நான்கு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள், பிறகு அந்த நால்வரில் ஒருவரை எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். அம்பேத்கரோடு நம் பக்கத்திலிருந்து இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி.ராஜாவும் கையெழுத்திட்டார்கள். ராஜா அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே மூஞ்சேயோடு உடன்பாடு செய்துகொண்டு கூட்டுத் தொகுதியை ஆதரித்தவர். உண்ணாவிரதம் இருந்த காந்தியின் கையெழுத்து மட்டும் ஒப்பந்தத்தில் இல்லை.

‘71-ஐ 148 ஆக்கிக் கொடுத்தார் காந்தி’ என்று மேடையில் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். கொடுத்தாராம்! 1931-இல் இரண்டாம் வட்டமேசை மாநாட்டில் நம் மக்களுக்கு எந்தத் தனிப் பிரதிநிதித்துவமும் கூடாது என்று நின்றவர் அவர். பத்து மாதத்தில் ஒதுக்கப்பட்ட இடங்கள் என்ற கொள்கையையே ஏற்க வேண்டி வந்தது. அதுவும் ‘கன்சீட்’ தானே? ஆனால் நான் படித்த வரையில் அந்த வினைச்சொல்லை அவர் பெயரோடு சேர்த்து எழுதியவர்கள் அரிது. ஒரே அறையில் இரண்டு தரப்பும் இறங்கி வந்தன. ஒரு தரப்பு கொடுத்ததாகவும் இன்னொரு தரப்பு பணிந்ததாகவும் எழுதப்பட்டிருக்கிறது.

நம் ஊர் வரலாறே இதற்கு நல்ல சான்று. 1956 மே 28-இல் புதுதில்லியில் இந்தியாவும் பிரான்சும் கையெழுத்திட்ட உடன்படிக்கையின் பெயர் ‘செஸியோன்’, அதாவது பரப்பை விட்டுக்கொடுக்கும் உடன்படிக்கை. அதே லத்தீன் வேர். 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்தது. மொழிக்கு உத்தரவாதம், குடியுரிமையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு என்று நிபந்தனைகளோடு பிரான்ஸ் போனது. பிரான்ஸ் தோற்றது என்று புதுச்சேரியில் யாராவது சொல்லக் கேட்டிருக்கிறீர்களா? ‘ஒப்படைத்தது’ என்போம். பலமுள்ளவன் விட்டுக்கொடுத்தால் அதற்கு மரியாதையான வினைச்சொல் கிடைத்துவிடுகிறது.

இதே சொல்லின் பெயர் வடிவம்தான் ‘கன்செஷன்’. பள்ளிக் கட்டணத்துக்கும் பஸ் பாஸுக்கும் நாம் கேட்கும் கன்செஷன். தமிழில் ‘சலுகை’ ஆக்கிவிட்டோம். ஒரு அரசு கோரிக்கையை கன்சீட் செய்தது என்று ஆங்கிலத்தில் எழுதினால், அழுத்தம் தாங்காமல் இறங்கி வந்தது என்ற வாடை அதில் இருக்கும். ‘சலுகை வழங்கியது’ என்றால் அந்த வாடை போய்விடும். போராடி வாங்கியவன் மனு கொடுத்தவன் ஆகிவிடுவான். இடஒதுக்கீட்டை யாராவது சலுகை என்றால் நாம் கோபப்படுவது இதனால்தான்.

சரி, தங்கையின் கேள்விக்கு வருகிறேன். அம்பேத்கர் காந்தி சொன்னது சரி என்று ஏற்றுக்கொண்டாரா? ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒப்பந்தம் முடிந்த மறுநாள் பம்பாய்க் கூட்டத்தில் அவர் இணக்கமாகவே பேசினார். தனக்கும் காந்திக்கும் இடையே இவ்வளவு பொதுவானது இருப்பது வியப்பளித்தது என்றார். அந்த ஒரு பேச்சை வைத்து ‘மனப்பூர்வமாக ஏற்றார்’ என்பவர்கள் உண்டு.

ஆனால் பின்னால் நடந்ததைப் பாருங்கள். 1937 தேர்தலில் சென்னை மாகாணத்தின் 30 இடங்களில் பெரும்பாலானவை காங்கிரஸுக்குப் போயின. அடுத்த ஆண்டு எம்.சி.ராஜா சட்டமன்றத்தில் கோயில் நுழைவு மசோதா கொண்டுவந்தார். பூனாவில் அவரோடு கையெழுத்திட்ட ராஜாஜிதான் இப்போது பிரதமர். மசோதாவைத் திரும்பப் பெறச் சொன்னார். ராஜா மறுத்தார், காங்கிரஸ் பெரும்பான்மை மசோதாவைத் தோற்கடித்தது. கூட்டுத் தொகுதியை நம்பிய ராஜாவே காந்திக்குக் கடிதம் எழுதி முறையிட்டார். 1945-இல் அம்பேத்கர் வெளியிட்ட ‘காங்கிரஸும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது என்ன’ என்ற நூலில் அந்த உண்ணாவிரதத்தை மிகக் கடுமையாகக் கண்டித்தார். அது நம் மக்களுக்காக அல்ல, நம் மக்களுக்கு எதிராக இருந்தது என்பது அவர் வாதம். 1946-இல் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு பூனாவிலேயே சத்தியாகிரகம் நடத்தியது. 1947-இல் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்ற அறிக்கையில் தனித் தொகுதியை மறுபடியும் கேட்டார். 1952-இல் வடக்கு பம்பாயில் அவரே தோற்றார். வென்றவர் காங்கிரஸின் கஜ்ரோல்கர், அவரும் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். பூனாவின் கணக்கு அப்படித்தான் வேலை செய்யும். ஒப்பந்தத்தின் 50-ஆம் ஆண்டு நாளில், 1982 செப்டம்பர் 24-இல், கான்ஷிராம் தன் ‘சம்சா யுகம்’ நூலை வெளியிட்டது இந்தக் கணக்கைத்தான் பேச.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்தில் சாமி ஊர்வலம் நம் தெருவுக்கு வருவது பற்றிய அமைதிப் பேச்சுவார்த்தைக்குப் போயிருந்தேன். “விட்டுக்கொடுத்தவன் கெட்டுப்போறதில்ல பெரியவரே” என்று அதிகாரி ஒருவர் நம் பக்கத்தைப் பார்த்தே மூன்று முறை சொன்னார். எதிர்ப்பக்கம் திரும்பி ஒருமுறைகூடச் சொல்லவில்லை. இந்த ஆண்டு ஊர்வலம் வராது என்று எழுதி, கடைசியில் வழக்கம்போல ‘படிக்கக் கேட்டேன், சரி’ என்று போட்டிருந்தார்கள். பெரியவர் ஒருவர் பேனாவை வாங்கி ‘சரி’ என்ற சொல்லை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அதிகாரிக்குக் கோபம். “போட்டுட்டேனே சார், அப்புறம் என்ன?” என்றார் பெரியவர்.

தங்கைக்கு இந்த மாதம் தேர்வு. ‘கன்சீடட்’ இருந்த இடத்தில் ‘கையெழுத்திட்டார்’ என்று எழுதச் சொல்லியிருக்கிறேன்.