மருத்துவமனையும் காற்றும்

தஞ்சையில் 'சுந்தர சோழ விண்ணகர் ஆதுலசாலை' என்ற மருத்துவமனை இருந்ததைச் சோழர் கல்வெட்டு கூறுகிறது. ஆதுலர் என்றால் நோயாளர். இராசராசனின் தமக்கை குந்தவை அதற்கு நிலம் வழங்கினார். காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில், 11-ஆம் நூற்றாண்டு வீரராசேந்திரன் கல்வெட்டு இன்னொரு மருத்துவமனையின் கணக்கையே தருகிறது: 15 படுக்கைகள், மருத்துவர், அறுவை மருத்துவர், பணிப்பெண்கள், இரவு விளக்குக்கு எண்ணெய்!

மின்சாரம் வருமுன் நோயாளியின் அறையில் காற்று புதுப்பிக்கப்பட்டது எப்படி? கட்டட அமைப்பினால்தான். 1859-இல் 'மருத்துவமனைகள் பற்றிய குறிப்புகள்' என்ற நூலை வெளியிட்ட பிளாரன்ஸ் நைட்டிங்கேல், உயர்ந்த கூரையும் எதிரெதிர்ச் சன்னல்களும் கொண்ட நீண்ட கூடங்களை வற்புறுத்தினார். கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்று அவர் அப்போது கருதினார். காரணம் தவறு, கட்டடமோ சரி! தஞ்சை இராசா மிராசுதார் மருத்துவமனை தோன்றிய 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்கருத்து உலகெங்கும் பரவியிருந்தது.

இதிலுள்ள இயற்பியல் எளியது. சூடான காற்று அடர்த்தி குறைந்து மேலே செல்கிறது. உயரத்திலுள்ள திறப்பு வழியாக வெளியேறுகிறது. அந்த இடத்தை நிரப்பக் கீழ்ச் சன்னல் வழியே புதுக்காற்று நுழைகிறது. இரு திறப்புகளுக்கும் இடையே உயரம் கூடக்கூட இவ்வோட்டமும் கூடும். வெளியே காற்று வீசினால் இன்னும் நல்லது.

20-ஆம் நூற்றாண்டில் உயிர் எதிர்ப்பு மருந்துகளும் குளிர்சாதனங்களும் வந்தன. கூரை தாழ்ந்தது, சன்னல் மூடிக்கொண்டது. ஆனால் சாதாரணக் குளிர்சாதனப் பெட்டி அறைக் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. ஒருவர் இருமிய காற்றை மற்றவர் சுவாசிக்கிறார்!

பெரு நாட்டின் லிமா நகரில், 8 மருத்துவமனைகளின் 70 அறைகளில் காற்றோட்டத்தை அளந்து, 2007-இல் முடிவுகளை வெளியிட்டனர். இயந்திரக் காற்றோட்ட அறைகளில் காற்று மணிக்கு 12 முறை மாறும் என்பது கணக்கு. சன்னலைத் திறந்த புதிய கட்டடங்களில் 17 முறை. 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைய கட்டடங்களிலோ 40 முறை! காசநோயாளியுடன் ஒரு நாள் இருந்தால் 100 பேரில் எத்தனை பேருக்குத் தொற்றும்? அதே வரிசையில் 39, 33, 11 என்று மதிப்பிட்டனர். 2009-இல் உலகச் சுகாதார நிறுவனம், பொதுக் கூடங்களில் நோயாளி ஒருவருக்கு விநாடிக்கு 60 லிட்டர் காற்று வேண்டும் என்றது.

அறுவை அரங்குக்கு வடிகட்டிய காற்று தேவைதான். ஆனால் எல்லாக் கூடங்களுக்கும் அது வேண்டுமா? ஆடிக் காற்று வீசும் காவிரி நாட்டில் இலவசமாகக் கிடைப்பதை ஏன் மறுக்க வேண்டும்? கட்டடத்தின் நீளம் கிழக்கு மேற்காக இருந்தால் காலை, மாலை வெயில் குறுகிய சுவர்களில்தான் விழும். தாழ்வாரம் உச்சி வெயிலை மறைக்கும். வயல் சூழ்ந்த ஊர்களில் கொசு வலை வேண்டும்; வலை காற்றைத் தடுப்பதால் சன்னலைப் பெரிதாக வைக்க வேண்டும்.

உங்கள் ஊரில் புதிய மருத்துவமனை எழும்போது, படுக்கைகள் எத்தனை என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். காற்று எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகும் என்றும் கேளுங்கள்.