கல், ராடு, மூட்டை: 'தொடக்கக்காரன்' பிறந்த கதை

1

உடற்பயிற்சிக்கூடத்தில் சேர்ந்த முதல் நாள் மாஸ்டர் என் நோட்டை வாங்கி ஒரு கட்டம் போட்டுக் கொடுத்தார். மேலே திங்கள், புதன், வெள்ளி. பக்கவாட்டில் ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், ரோயிங், ஷோல்டர் பிரஸ். ஒவ்வொன்றுக்கும் 3 செட், செட்டுக்குப் பத்துத் தடவை. எடை எழுத வேண்டிய இடத்தில் 'வெறும் ராடு' என்று இருந்தது. அன்று இரவு அதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் அரிசி மண்டியில் லோடுமேன். "ஒரு நாள் தூக்கினா மறுநாள் லீவா? மொத மாசம் வெறும் கம்பியா? எங்க மண்டியில போய் இதச் சொல்லிப் பாரேன்டா" என்று சிரித்தார்.

அதை வெறும் கேலியாகவே வெகுகாலம் எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது அது வரலாறு குறித்த கேள்வியாகப் படுகிறது. வெறும் ராடும் ஓய்வுநாளும் இந்தக் கட்டத்துக்குள் எப்போது வந்தன? யாரை மனதில் வைத்து வந்தன?

2

தென்மாவட்டத்துக் கிராமங்களில் இன்றும் இளவட்டக்கல் கிடக்கிறது. உருண்டு வழவழத்த கல். குனிந்து அணைத்து, தொடைக்கு ஏற்றி, நெஞ்சுக்குக் கொண்டுவந்து, தோளைத் தாண்டிப் பின்னால் போட வேண்டும். போட்டவன் பெண் கேட்கத் தகுதியானவன் என்பது வழக்கு. இந்த வீர மரபைக் கொண்டாடும் எழுத்துகளுக்குக் குறைவில்லை. நான் கவனிக்க விரும்புவது வேறொன்று: கல் யாருக்காகவும் தன் எடையைக் குறைத்துக்கொள்வதில்லை. அதன் முன்னால் இரண்டே வகை ஆள்தான் உண்டு, தூக்கியவன், தூக்காதவன். 'கற்றுக்கொண்டிருப்பவன்' என்று மூன்றாவது ஒருவனுக்கு அங்கே இடமில்லை. வடலிவிளையில் பொங்கலையொட்டி நடக்கும் போட்டியில் பல எடைக் கற்கள் உண்டு, பெண்களும் தூக்குகிறார்கள் என்பது உண்மையே. ஆனாலும் ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் கல் நிரப்பித் தராது.

தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை ஆகியவற்றில் படிப்படியான வளர்ச்சி இருந்தது. பத்து நூறாகும், நூறு ஐந்நூறாகும். ஆனால் அங்கே கூடுவது எண்ணிக்கை மட்டுமே. தன் உடம்பின் எடையையோ கட்டையின் எடையையோ இரண்டரைக் கிலோ கூட்டு, குறை என்று சொல்ல முடியாது. மிச்சத்தையெல்லாம் வாத்தியாரின் கண் பார்த்துக்கொண்டது. அந்தக் கண் யாரைப் பார்க்கும், யாரை வாசலிலேயே நிறுத்தும் என்பது நம் ஊரில் சாதியைத் தவிர்த்துப் பேசக்கூடிய விஷயமல்ல.

3

அட்டவணை அச்சில் வந்து புகழ்பெற்றது யூஜின் சாண்டோவால். 1867இல் கோனிக்ஸ்பெர்க்கில் பிறந்த இந்த மேடைப் பயில்வான் 1897இல் வெளியிட்ட நூலில், வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ப எந்தப் பயிற்சியை எத்தனை தடவை செய்வது என்று கட்டம் கட்டமாகப் போட்டிருந்தார். கையில் சிறிய டம்பெல். கூடுவது பெரும்பாலும் எண்ணிக்கை. 1904-05இல் அவர் இந்தியாவிலும் சுற்றுப்பயணம் செய்தார். பிறகு பெங்களூரில் கே. வி. ஐயர் தபால்வழிப் பாடம் நடத்தியதெல்லாம் இந்த அலையின் தொடர்ச்சி எனலாம். வாத்தியாரின் கண் இருந்த இடத்தில் இப்போது அச்சடித்த தாள் வந்து உட்கார்ந்தது. தாள், வந்தவன் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பதில்லை. காசு கேட்கும், அது வேறு.

ஆனால் தாள் மட்டும் போதாது. பண்டமும் மாற வேண்டியிருந்தது. 1902இல் ஃபிலடெல்ஃபியாவில் ஆலன் கால்வர்ட் மைலோ பார்பெல் கம்பெனியைத் தொடங்கி, எடையைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பார்பெல்லை விற்றார். அதற்கு முன் மேடைகளில் இருந்தவற்றில் பல, இரண்டு முனையிலும் உருண்டை வைத்து வார்த்த இரும்பு. ஒருவகையில் கைப்பிடி வைத்த இளவட்டக்கல். கால்வர்ட் பார்பெல்லோடு பயிற்சி முறையையும் சேர்த்து அனுப்பினார். முறை எளியது: ஒரே எடையில் எண்ணிக்கையைச் சில நாளுக்கு ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போ. குறித்த எண்ணை எட்டியதும் எடையைக் கொஞ்சம் ஏற்று, எண்ணிக்கையை இறக்கு, மறுபடி ஏறு. இன்று எந்தக் கூடத்தில் எழுதித் தரும் அட்டவணைக்கும் அடியில் ஓடுவது இதுவே.

கம்பெனியின் பெயர் கிரேக்க மல்லன் மைலோவினுடையது. கன்றுக்குட்டியை நாள்தோறும் தூக்கி, அது காளையானபோதும் தூக்கினான் என்பது கதை. கன்று தன் போக்கில் வளர்கிறது. தூக்குகிறவன் இன்று முடியவில்லை என்றால் அது காத்திருக்காது. பிளேட் காத்திருக்கும். அந்தக் காத்திருப்பில்தான் 'தொடக்கக்காரன்' பிறக்கிறான். தோற்றவன் என்றோ சோப்ளாங்கி என்றோ பெயர் வாங்காமல் குறைந்த எடையில் நிற்க ஒருவனுக்கு, பின்னாளில் ஒருத்திக்கும், கிடைத்த முதல் இடம் இது.

4

இந்த இடத்துக்கு மருத்துவத்தின் முத்திரை விழுந்தது இரண்டாம் உலகப் போரில். இளவயதில் ருமாட்டிக் காய்ச்சலில் படுத்துக் கிடந்து, எழுந்தபின் எடை தூக்கி உடம்பைத் தேற்றிக்கொண்டவர் தாமஸ் டிலார்ம். இராணுவ மருத்துவராகச் சிகாகோவின் கார்டினர் மருத்துவமனைக்கு வந்தவர் முன்னால் முழங்கால் சிதைந்த சிப்பாய்கள். நோயாளிக்கு லேசான எடையை நிறையத் தடவை கொடுப்பதே அன்றைய வழக்கம். டிலார்ம் இரும்புக் காலணியில் பிளேட்டுகளை மாட்டிக் காலை நீட்டச் சொன்னார். 1945இல் எழுதிய கட்டுரையில் அதற்குக் 'கனத்த எதிர்ப்புப் பயிற்சி' என்று பெயர் வைத்தார். எழுபது முதல் நூறு தடவை வரை செய்யச் சொன்னார். 1948இல் வாட்கின்ஸோடு சேர்ந்து திருத்தினார். நூறு வேண்டாம், இருபது முப்பது போதும். ஒருவர் பத்துத் தடவை மட்டுமே தூக்க முடிகிற எடையைக் கண்டுபிடி. அதில் பாதியோடு பத்து, முக்கால் பங்கோடு பத்து, முழுசோடு பத்து. பெயரும் மாறியது: 'கனத்த' என்ற சொல் போய் 'படிப்படியான' என்ற சொல் வந்தது.

என் நோட்டிலிருந்த '3 செட், பத்துத் தடவை'யின் பிறந்த ஊர்களில் ஒன்று இப்படியாக ஒரு மருத்துவமனைப் படுக்கை. அளவுகோல் தலைகீழானதைக் கவனிக்க வேண்டும். கல் உடம்பை அளந்தது. இங்கே உடம்பு தன் எடையைத் தானே நிர்ணயிக்கிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்ற பழக்கம் பார்பெல்காரர்களிடமிருந்து வந்தது. அதற்கான காரணம் பின்னால்தான் துலங்கிற்று. தூக்கும்போது தசை வளர்வதில்லை. தூக்கியபின் ஒன்றிரண்டு நாள் புரதத்தைக் கட்டிக்கொண்டு வளர்கிறது. முதல் சில வாரங்களில் கூடும் பலமும் பெரும்பாலும் நரம்பு கற்றுக்கொண்ட பலமே, சதை பின்னால் வரும். ஆகவே தொடக்கக்காரனின் திட்டம் என்பது மூன்று நாள் வேலை, நான்கு நாள் ஓய்வு, நல்ல தூக்கம், போதிய சாப்பாடு. உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளைக்குச் சுமார் 1.6 கிராம் புரதம் என்கிறார்கள். அறுபது கிலோ ஆளுக்குத் தொண்ணூற்றாறு கிராம். முட்டைக் கணக்கில் பதினாறு. எங்கள் வீட்டில் அன்றைக்கு வாரத்துக்கே அத்தனை முட்டை வந்ததில்லை.

5

நண்பர்கள் இந்தக் கட்டத்தை ஃபூக்கோவோடு வைத்து வாசிப்பார்கள். 1975இல் வெளிவந்த தண்டனை குறித்த நூலில், பாசறையும் பள்ளியும் தொழிற்சாலையும் காலஅட்டவணையாலும் படிநிலைப் பயிற்சியாலும் பணிவான உடல்களை உற்பத்தி செய்வதை அவர் காட்டினார். அந்த வாசிப்பு தவறில்லை. டிலார்மின் மருத்துவமனையே இராணுவத்தினுடையது. கண்ணாடி முன் நின்று தன்னைத் தானே கண்காணிக்கும் உடல்களை எந்தக் கூடத்திலும் பார்க்கலாம். ஆனால் அதோடு நின்றுவிட்டால் அப்பாவின் கேள்வி வெளியிலேயே நிற்கும்.

மண்டியில் அட்டவணை கிடையாது. மூட்டை 75 கிலோ. முதல் நாள் வந்த பையனுக்கும் 75, முப்பது வருஷம் சுமந்தவனுக்கும் 75. மூட்டை இளவட்டக்கல்லின் கூடப்பிறந்தது. ஒரே வித்தியாசம், கல்லை ஒருமுறை தூக்கினால் மாலை விழும். மூட்டையை லாரி காலியாகும்வரை தூக்க வேண்டும். இங்கே அதிகாரம் உடம்பை அளந்து ஒழுங்குபடுத்துவதன் மூலம் இயங்கவில்லை, அளக்கவே மறுப்பதன் மூலம் இயங்குகிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இல் சுமை பற்றி உடன்படிக்கை செய்தது; கூடவே வந்த பரிந்துரை, வயதுவந்த ஆணுக்கான வரம்பு 55 கிலோவுக்கு மேல் இருந்தால் அந்த அளவுக்குக் குறைக்கச் சொன்னது. இந்தியா உடன்படிக்கையை ஏற்றது 2010இல். 75க்கும் 55க்கும் நடுவில் 20 கிலோ. போட்டி ராடு ஒன்றின் வெறும் எடை.

ஆக, படிப்படியாக என்ற சொல்லுக்குள் இரண்டு உரிமைகள் பதுங்கியிருக்கின்றன: குறைவாகத் தொடங்கும் உரிமை, இடையில் நிறுத்தும் உரிமை. இவை இருந்தால் சுமை தசையாகிறது. இல்லாவிட்டால் அதே சுமை முழங்காலைத் தின்கிறது. பளு ஒன்றுதான். எனக்கும் அப்பாவுக்கும் அது வேறுவேறாகப் பலித்ததற்குக் காரணம் மனஉறுதியில் இல்லை.

மண்டியை விட்டு வந்தபின் அப்பாவுக்கு முழங்கால் மடங்குவதே பாடாயிற்று. பயிற்சி சொல்லித் தர வந்த பெண், கணுக்காலில் அரைக்கிலோ மணல் பை ஒன்றைக் கட்டி, நாற்காலியில் உட்காரவைத்துக் காலை நீட்டச் சொன்னார். பத்துத் தடவை, மூன்று செட். அடுத்த வாரம் பார்த்துவிட்டுக் கூட்டலாம் என்றார். நாளைக்கும் செய்யணுமா என்று அப்பா கேட்டார். "வேணாங்க ஐயா, நாளைக்கு ரெஸ்ட்."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "இப்பத்தாண்டா எனக்கு லீவு குடுத்திருக்காங்க" என்றார். இந்தமுறை சிரிக்கவில்லை.