சாயத்துக்கு வந்த கள்ளி

வேலியோரச் சப்பாத்திக்கள்ளிப் பழத்தைத் தின்று நாக்கு சிவந்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். இந்தச் செடி நம்ம ஊருடையது இல்லீங்க, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. இதை இங்கே வளர்க்க ஒருகாலத்தில் பெரிய முயற்சி நடந்தது. பழத்துக்காக அல்ல, பூச்சிக்காக.

மெக்சிகோவில் கள்ளிச்சாற்றை உறிஞ்சி வாழும் காக்சினியல் பூச்சியைக் காயவைத்து அரைத்தால் அடர்சிவப்புச் சாயம் கிடைக்கும். அந்த வியாபாரம் ஸ்பெயின் கையில் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் அதில் ஆசை. மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார்.

1795இல் பிரேசிலிலிருந்து பூச்சி வந்தது. ஆனா அது வேறு இனம்! சாயம் மட்டம், செடிக்கோ எமன். பரவிய இடமெல்லாம் கள்ளி பட்டுப்போனது. தொழில் படுத்துவிட்டது. ஆனால் தோற்றுப்போன அதே பூச்சியை 1860களில் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்து, களையாகிவிட்ட கள்ளியை ஒழிக்கப் பயன்படுத்தினார்கள். அதற்கு அடங்காத இன்னொரு கள்ளி இனத்துக்கு 1926இல் இலங்கையிலிருந்து வேறொரு பூச்சி வந்தது.

இன்னைக்கு முள்ளில்லாக் கள்ளியை வறண்ட நிலத்துக்கான பழப்பயிர், மாட்டுத்தீவனம் என்கிறார்கள். குறைந்த தண்ணீரில் வளரும் என்பது உண்மைதான். ஆனால் வடகிழக்குப் பிரேசிலில் தீவனக் கள்ளி வயல்களை அழித்ததும் காக்சினியல் இனப் பூச்சிதான். எந்தக் கள்ளி, எந்தப் பூச்சி என்று பார்க்காமல் நட்டால், சைதாப்பேட்டைக் கதை திரும்பவும் நடக்கும்.