பந்து தீட்டில்லை, கோப்பை தீட்டு!

இந்தியக் கிரிக்கெட்டின் முதல் பெரும் பந்துவீச்சாளர் யார்? 1876-இல் தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்த பல்வங்கர் பாலு. புனே ஆங்கிலேயர் மன்றத்தில் மாதம் 4 ரூபாய்க்குத் திடலைப் பராமரித்தார். வெள்ளையர்களின் பயிற்சிக்குப் பந்து வீசினார். மட்டை மட்டும் அவர் கைக்கு வரவில்லை.

இனவாரியாக, மதவாரியாக அணிகள் மோதிய காலம் அது. வெள்ளையரை வெல்ல வேண்டுமே! புனே இந்து அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆனால், தேநீர் இடைவேளையில் மற்றவர்களுக்கு உள்ளே பீங்கான் கோப்பை. அவருக்கு வெளியே மண் குவளை. அவர் வீசிய பந்தைப் பிடிக்க மட்டும் யாரும் தயங்கவில்லை!

1911 இங்கிலாந்துப் பயணத்தில், தோள்வலியோடு 114 விக்கெட்டுகளைச் சாய்த்தார். அப்படியிருந்தும் பம்பாய்ப் போட்டிகளில் இந்து அணியின் தலைவர் பதவி அவருக்குத் தரப்படவில்லை. 1923-இல் அது தம்பி விட்டலுக்குக் கிடைத்தது. அதற்குள் அண்ணனின் ஆட்டக்காலம் முடிந்திருந்தது.